மூவாரில் யார் இறங்குவார்கள்?

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் பற்றி மறுபடி பேச்சு அடிபடுகிறது. வருமா? வந்தால் இந்த முறையாவது நேராக விடுவார்களா? 350 கிலோமீட்டருக்கு நடுவில் ஆறு நிலையங்கள். சிரம்பான், மூவார், பத்து பகாட் என்று நின்று நின்று போனால் அது என்ன அதிவேகம்? அங்கெல்லாம் யார் இறங்கப் போகிறார்கள்? எல்லாம் உள்ளூர் அரசியல். சிங்கப்பூர் நிலையம் வருவதாகச் சொன்ன ஜூரோங் ஈஸ்ட் பக்கம் வீடு வாங்கும் யோசனையும் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வீட்டுப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். ரயிலை நம்பி வாங்காதீர்கள். 2013-ல் இரு பிரதமர்களும் அறிவித்து, 2016 டிசம்பரில் ஒப்பந்தமாகி, 2018-ல் தள்ளிப்போடப்பட்டு, 2021 ஜனவரி 1 அன்று ரத்தான திட்டம் அது. மலேசியா நமக்கு 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. பிறகு 2023-ல் அவர்களே தனியாரிடம் மறுபடி யோசனை கேட்டார்கள். வருமா வராதா என்பது இரண்டு அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டியது. பயணிகள் இருப்பார்களா என்ற சந்தேகம் மட்டும் வேண்டாம். 2018-ல் வந்த கணக்குப்படி உலகிலேயே அதிக விமானங்கள் பறந்த பன்னாட்டுத் தடம் இதுதான், ஒரு வருடத்தில் 30,000-க்கும் மேல்.

ஆனால் "அங்கெல்லாம் யார் இறங்கப் போகிறார்கள்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இந்த நடு ஊர்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் கோபப்படும் ரயில் நடுவில் எங்குமே நிற்காது. 2016 ஒப்பந்தத்தில் மூன்று வகை ஓட்டம் இருந்தது. கோலாலம்பூரின் பண்டார் மலேசியாவிலிருந்து ஜூரோங் ஈஸ்டுக்கு நிற்காமல் 90 நிமிடத்தில் வரும் ரயில் ஒன்று. ஜூரோங் ஈஸ்டுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் இருக்கும் இஸ்கந்தர் புத்ரிக்கும் நடுவே போய்வரும் குறுந்தூர ரயில் ஒன்று. எல்லா ஊரிலும் நிற்கும் ரயில் மலேசியாவுக்குள் மட்டும், இஸ்கந்தர் புத்ரி வரைக்கும்தான். கடைசியில் சொன்னதை ஓட்டுவது வேறொரு நிறுவனம். உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் மூவார்க்காரர் ஒரு நிமிடத்தைக்கூட எடுக்கவில்லை. படிக்காமல் பிறர் மேல் பழி போடுவது உங்களைப் போன்ற படித்தவருக்கு அழகில்லை.

என் அம்மாவின் அக்கா லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அம்மா இங்கே. 1965-க்குப் பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு நாட்டு எல்லையும் குடிநுழைவுச் சாவடியும் வந்துவிட்டன. இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பும் ரயில்தான். தேக்காவில் வாங்கிய சேலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், தூங்கவே மாட்டார். நடுராத்திரி தாண்டி லாபிஸில் வண்டி நிற்கும். பெட்டியை இறக்கி நிமிர்வதற்குள் கிளம்பிவிடும். பெரியப்பா தோட்டத்து லாரியோடு காத்திருப்பார். அந்தப் பெரியப்பா இறந்த தந்தி வந்த ராத்திரியே அம்மா ரயில் ஏறினார், மறுநாள் எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் போகும் பயணிகளுக்காக அந்த வண்டி லாபிஸைத் தாண்டி ஓடியிருந்தால் அம்மா அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

அதிவேக ரயில் லாபிஸுக்கு வராது, எனக்குத் தெரியும். பழைய தடம் குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று உள்நாட்டு வழியாகப் போகிறது. புதியது மேற்குக் கரைப் பக்கம் போவதாகத் திட்டம். ஆனால் மூவாரிலும் பத்து பகாட்டிலும் வேறு யாராவது ஒருவருடைய பெரியம்மா இருக்கிறார், தம்பி. கூலாய் முதல் மலாக்கா வரை நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் வரிசை பிடித்து நிற்கிறவர்கள் எல்லாரும் கே.எல்.லுக்கா போகிறார்கள்?

ஒரு நிலையத்தில் நிற்க என்ன செலவு என்பதையும் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 300 கிலோமீட்டரில் வரும் ரயில் வேகம் குறைத்து, ஆள் ஏற்றி இறக்கி, மறுபடி வேகம் பிடிக்க மொத்தத்தில் சுமார் 5 நிமிடம் போகும். ஆறு நிலையத்துக்கு அரை மணி நேரம். எல்லா ஊரிலும் நின்றாலும் இரண்டு மணி நேரம்தான் ஆகும். இன்று பஸ்ஸில் ஐந்து ஆறு மணி நேரம் உட்காருகிறோம். ஜப்பானில் 1964 அக்டோபரில் முதல் ஷிங்கான்சென் அதிவேக ரயில் ஓடிய நாளிலிருந்தே எங்கும் நிற்கும் கொடாமாவும் சில ஊர்களில் மட்டும் நிற்கும் ஹிக்காரியும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. சிறிய நிலையத்தில் கொடாமா பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்கும், வேகமானது நடுவில் பறந்து போகும். 1969-ல் மிஷிமாவில் புதிதாக ஒரு நிலையமே சேர்த்தார்கள். அதனால் தோக்கியோ–ஒசாக்கா பயணம் மெதுவாகிவிடவில்லை, ஆரம்பத்தில் நான்கு மணி நேரம் எடுத்தது இன்று இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிறது. தேவை என்ன? ஒதுங்க ஒரு தடம், ஒழுங்கான கால அட்டவணை.

நமக்கு இருக்கும் உண்மையான சிக்கல் வேறு. ஜூரோங் ஈஸ்டில் ஏறி மூவார் போகிறவர் இஸ்கந்தர் புத்ரியில் வண்டி மாற வேண்டும். போகும்போது பரவாயில்லை. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான் 2016 ஒப்பந்தத்தின் ஏற்பாடு, ஆகவே அங்கே இறங்குகிறவர் ஏற்கெனவே மலேசியாவுக்குள் வந்துவிட்டவர். எதிர் நடைமேடையில் உள்நாட்டு வண்டி காத்து நின்றால் நடந்து ஏறிவிடலாம். திரும்பி வரும்போதுதான் இஸ்கந்தர் புத்ரியில் இறங்கி, சோதனை முடித்து, அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டு வேறு நிறுவனங்கள் ஆளுக்கொரு அட்டவணை போட்டால், ரயிலில் மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் அந்த நிலையத்தின் நாற்காலியிலேயே போய்விடும்.

அப்புறம், திட்டத்தில் நிலையங்களுக்குக் குறித்த இடம். மூவார் நிலையம் என்று பெயர், இடம் பாகோவில். மலாக்கா நிலையம் ஆயர் குரோ பக்கம். ஊரை விட்டுத் தள்ளி வைப்பது தவறில்லை, தடம் நேராக இருக்க வேண்டும், நிலமும் கிடைக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து ஊருக்குள் போக வழி செய்யாமல் விட்டால் தவறு. தைவானின் அதிவேகத் தடமும் நம்முடையதைப் போலவே ஏறக்குறைய 350 கிலோமீட்டர், 2007-ல் திறந்தார்கள். தைனான் நிலையம் நகரத்துக்கு வெளியே இருந்தது. நகரத்தையும் அதையும் இணைக்கும் கிளை ரயில் வர 2011 ஆனது. அந்த நான்கு வருடத்தை நாம் மறுபடி வாழ வேண்டியதில்லை. பாகோவில் வண்டி வரும் நேரத்துக்கு மூவார் பஸ் நிற்க வேண்டும், அது முதல் நாளிலிருந்தே நிற்க வேண்டும்.

பேச்சு மறுபடி தொடங்கினால் 90 நிமிடத்தைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர் இருப்பார்கள், நீங்களும் கேளுங்கள். கூடவே ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து பகாட்டில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதில் வருகிறவருக்கு இஸ்கந்தர் புத்ரியில் ஜூரோங் வண்டி கிடைக்குமா என்றும் கேளுங்கள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வர வேண்டியவர் தன் அம்மாவோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா, மத்தியானமே எழுந்துவிட வேண்டுமா என்பது அந்த ஒரு வண்டியைப் பொறுத்தது.

அன்புடன்,
அக்கா