அடிக்குறிப்பு எண்கள் குழம்பினால்

வணக்கம். மூன்றாம் இயலை முன்னால் நகர்த்தியதும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு எண்கள் எல்லாம் குழம்பிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். எண்களைக் கையால் தட்டியதுதான் காரணம். கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, வேர்டில் பழைய எண்ணை அழித்து, அதே இடத்தில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எண் தானாக விழும். குறிப்பைக் கீழே ஒட்டிவிடுங்கள். இனிப் பத்தியை எங்கே நகர்த்தினாலும் வரிசை தானே சரியாகிவிடும்.

அப்புறம், அரைப் பக்க வாதத்தையே அடிக்குறிப்பில் வைத்திருக்கிறீர்களே, அது மேலே வரட்டும். உ.வே.சா. 1894இல் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். மேலே பாடலும் பழைய உரையும். அடியில் பிற நூல்களின் ஒப்புமைப் பகுதிகள், ‘பி-ம்.’ என்று சுருக்கிப் பிரதிபேதங்கள், அதாவது சுவடிக்குச் சுவடி வேறுபடும் சொற்கள். பாட்டைப் படிப்பவரை எதுவும் மறிக்காது, சுவடிகளில் பாடம் எப்படி இருந்தது என்று பார்ப்பவருக்கோ எல்லாம் அங்கேயே கிடைக்கும்.