சந்தை படுத்துக் கிடக்கிறது... மலிந்த பங்குகளை வாங்கலாமா?

கேள்வி: மாதக்கணக்கில் சந்தை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பி.இ (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 7, 8-க்கெல்லாம் நல்ல பங்குகள் கிடைக்கின்றன. கையில் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. இப்போதே வாங்கலாமா, சந்தை திரும்பும்வரை பொறுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: நாலைந்து வருடம் அந்தப் பணம் தேவைப்படாது என்றால் வாங்கலாம். சந்தை திரும்பும் தேதி யாருக்கும் தெரியாது, டி.வி-யில் சொல்பவர்களுக்கும்தான்.

கோல் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் 245 ரூபாய்க்கு வெளியான பங்கு, 2020 அக்டோபரில் 120-க்கும் கீழே கிடந்தது. அந்த நிதியாண்டுக்கு அது தந்த டிவிடெண்டு (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம்) பங்குக்கு 16 ரூபாய். 120-க்கு வாங்கியவருக்கு 13 சதவிகிதம். விலை 500-ஐத் தாண்ட 2024 ஆனது. அதுவரை பொறுக்க வைத்தது டிவிடெண்டுதான்.

விலை குறைந்ததெல்லாம் மலிவு ஆகிவிடாது. யெஸ் பேங்க் பங்கும் 2019-ல் புத்தக மதிப்புக்கு (சொத்தில் கடன்களைக் கழித்தபின் ஒரு பங்குக்கு மிஞ்சுவது) கீழே கிடைத்தது. வங்கியின் புத்தக மதிப்பு, கொடுத்த கடன் திரும்பி வரும் என்று போட்ட கணக்கு. வாராக்கடன் ஏற ஏற அந்த மதிப்பே கரைந்தது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட வேண்டியதாயிற்று. ஸ்டீல் போன்ற தொழில்களில் வேறு சிக்கல்: லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ 5 என்று காட்டும், அந்த லாபமோ நிலைக்காது. அங்கே பத்து வருட சராசரி லாபத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

வங்கி அல்லாத நிறுவனம் என்றால், ஆண்டறிக்கையில் முதலில் பணப்புழக்க அறிக்கையைத் திறங்கள். ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடம் தொழிலில் இருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். ரொக்கம் லாபத்தில் 80 சதவிகிதம்கூட இல்லையென்றால், பெரும்பாலும் சரக்கிலோ வசூலாகாத பில்லிலோ பணம் முடங்கியிருக்கிறது. வட்டிக்கு முந்தைய லாபம் வட்டிச் செலவைப்போல் 3 மடங்காவது வேண்டும். புரொமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதலாளி தரப்பு) வைத்திருக்கும் பங்கு அடமானத்தில் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். விலை சரிந்தால் கடன் கொடுத்தவரே அதைச் சந்தையில் தள்ளுவார்.

1 லட்சத்தை ஐந்து நிறுவனங்களுக்குத் தலா 20,000 என்று பிரித்து, ஒவ்வொன்றையும் காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் 5,000 வீதம் நான்கு தவணையாக வாங்குங்கள். '10 சதவிகிதம் இறங்கிவிட்டதே' என்று கூடுதலாக வாங்கி, சராசரி விலையைக் குறைக்க (ஆவரேஜ் செய்ய) வேண்டாம். செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு கடன், ரொக்க விவரம் வரும். கடன் ஏறி ரொக்கம் இறங்கியிருந்தால் அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

மேலே சொன்ன 13 சதவிகிதம் வரிக்கு முந்தைய கணக்கு. டிவிடெண்டு உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, ஸ்லாப்படி வரி வரும்.