பென்டன்வில்லில் வீடு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் நகரில் உள்ள வால்மார்ட் தலைமையகத்தில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வாடகை மாதம் 2,100 டாலர். ஊர் வேகமாக வளர்வதால் 4.2 லட்சம் டாலரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கையில் 90,000 டாலர் சேமிப்பும், 60,000 டாலர் மதிப்புள்ள நிறுவனப் பங்குகளும் இருக்கின்றன. சேமிப்பை அப்படியே முன்பணமாகக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பங்குகளை விற்றுவிடுங்கள்.

ஊர் வளர்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2010-இல் 35,301 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 54,164 ஆனது. 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் வந்தது. 2025-இல் சுமார் 350 ஏக்கரில் வால்மார்ட்டின் புதிய வளாகமும், வால்மார்ட் நிறுவனரின் மகள் ஆலிஸ் வால்டன் பெயரிலான மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நிறுவனமும் ஒரே குடும்பமும்தான். சரக்கு தரும் நிறுவனங்கள்கூட வால்மார்ட்டுக்காகவே அங்கே அலுவலகம் போட்டிருக்கின்றன.

என் கவலையும் அதுதான். உங்கள் சம்பளம், பங்கு, வீடு மூன்றும் ஒரே இடத்தை நம்பி நிற்கும். ஆள்குறைப்பு வந்தால் உங்கள் வேலை போகும் நேரத்திலேயே அக்கம்பக்கத்து வீடுகளும் விற்பனைக்கு வரும். எச்-1பியில் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். 20 சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,124 டாலர். இரண்டு ஆண்டு கட்டியும் அசலில் 8,000 டாலர்கூடக் குறைந்திருக்காது. அப்போது அவசரமாக விற்றால் தரகு முதலான செலவே அதைப்போல மூன்று மடங்கு ஆகலாம். ஐந்தாண்டு இருப்போம் என்ற உறுதி இல்லையென்றால் வாடகையிலேயே இருங்கள்.

உறுதி இருந்தால், பங்கு விற்ற பணத்தில் வரிக்கு ஒதுக்கியதுபோக மீதியை முன்பணத்தில் போட்டு, குறைவதை மட்டும் சேமிப்பிலிருந்து எடுங்கள். பதிவுச் செலவு போக எஞ்சுவதை வங்கியிலேயே வைத்திருங்கள். வீடு ஐ-49 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். லோவலில் ஜே.பி. ஹன்ட் சரக்குப் போக்குவரத்து நிறுவனம், ஸ்பிரிங்டேலில் டைசன் இறைச்சி நிறுவனம், ஃபயட்வில்லில் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியிருக்காது.

விற்பவர் காட்டும் சொத்து வரி ரசீதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்பது ஆர்க்கன்சா சட்டம். ஆனால் வீடு கைமாறினால் முழு மதிப்புக்கு வரி போடுவார்கள். நீங்கள் குடியேறியதும் கவுன்டி (மாவட்ட) அலுவலகத்தில் குடியிருப்புச் சலுகைக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் காற்று, ஆலங்கட்டி மழைச் சேதத்துக்கு நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 2024 மே மாதச் சூறாவளி பக்கத்து ஊரான ராஜர்ஸைப் புரட்டிப் போட்டது. அந்தப் பங்கு 2 சதவீதம் என்றிருந்தால், 4 லட்சம் டாலர் காப்பீட்டில் சேதத்தில் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான் போகும்.