முதலில் பாலிசியா, பரிசோதனையா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. சென்ற ஆண்டு அவருக்கு மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ரெட் என்ற மரபணுவில், 634-வது கோடான் என்ற இடத்தில் பிறழ்வு (மாற்றம்) இருக்கிறது, இது எம்.இ.என். 2ஏ என்ற பரம்பரை நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. இருவருக்கும் பரிசோதனை செய்யச் சொல்கிறார் மருத்துவர். “முதலில் பிள்ளைகள் பெயரில் பாலிசி எடுத்துவிடுங்கள் அண்ணி, முடிவு வந்துவிட்டால் எந்த நிறுவனமும் தராது” என்கிறார் என் கொழுந்தனார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளின் 18 வயதில் முதிரும் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். கையிருப்பு நான்கு மாதச் செலவுக்கு வரும். எதை முதலில் செய்வது?

பதில்: பரிசோதனையைத்தான். அதுவும் உடனே.

உங்கள் கொழுந்தனாரின் அக்கறையில் குறையில்லை, கணக்கில்தான் குறை. பாலிசி விண்ணப்பம் பெற்றோரின் நோய்களைப் பற்றியும் கேட்கும். தந்தைக்கு இருப்பது பரம்பரை நோய் என்று தெரிந்த பிறகு, பிள்ளைகளைப் பரிசோதிக்காமல் இருப்பதால் மட்டும் நீங்கள் ஒன்றும் அறியாதவர் ஆகிவிட மாட்டீர்கள். மறைத்து எடுத்த பாலிசியில் பிரீமியம் தவறாமல் போகும்; பணம் கேட்கும் நாளில் கோரிக்கை தள்ளுபடியாகலாம். மறைக்காமல் எழுதினாலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. உங்கள் மகளுக்குக் காத்திருக்க நேரமில்லை. 634-வது கோடான் பிறழ்வை ‘அதிக ஆபத்து’ வகையில் வைக்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த வகைக் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலோ அதற்கு முன்போ, ரத்தத்தில் கால்சிடோனின் (இந்தப் புற்றுநோய் இருந்தால் கூடும் ஹார்மோன்) அளவைப் பார்த்து, தைராய்டை முழுவதும் அகற்றிவிடுவது முறை. புற்றுநோய் பரவுவதற்கு முன் முந்திக்கொள்வதுதான் நோக்கம். பரவிய பின் செய்யும் சிகிச்சைக்கு எந்தக் குடும்பத்தின் சேமிப்பும் ஈடுகொடுக்காது.

பரிசோதனைச் செலவு நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. கணவரின் பிறழ்வு எது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், ஆய்வகம் மரபணு முழுவதையும் படிக்க வேண்டாம். அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். அவருடைய அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். ஒருவரின் முடிவு மற்றவரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை. பிறழ்வு இல்லை என்று வந்தால் அந்தக் குழந்தைக்கு இந்த நோய்க்கான கண்காணிப்பே வேண்டாம்; ஆயுள் முழுவதற்குமான செலவு அங்கேயே நின்றுவிடும்.

இருக்கிறது என்று வந்தால், செலவு வரும் விதத்தைப் பாருங்கள். இப்போது ஒரு பெரிய தொகை. பிறகு சின்னச் சின்னதாக, ஆனால் என்றென்றும்: அகற்றிய தைராய்டின் ஹார்மோனுக்கு ஈடாகத் தினமும் ஒரு தைராக்சின் மாத்திரை, வளர வளர அளவை மாற்ற ரத்தப் பரிசோதனை, சுமார் 11 வயதிலிருந்து ஆண்டுதோறும், இதே நோய் தாக்கக்கூடிய வேறு சுரப்பிகளுக்கான சோதனை: சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனலில் வரும் கட்டிக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டுக்கும். இந்த ஓட்டத்துக்கு, 18 வயது வரை பணத்தைப் பூட்டிவைக்கும் திட்டம் பொருந்தாது. அதைச் சரண் செய்ய (இடையில் முறித்துப் பணம் எடுக்க) அவசரப்படாதீர்கள், இழப்பு அதிகமாக இருக்கலாம். இனிக் கட்டாமல் நிறுத்தி, கட்டியவரை அப்படியே விட்டுவைக்க வழியுண்டா என்று கேளுங்கள். மிச்சமாகும் மாதத் தொகையை, நினைத்த நாளில் எடுக்கக்கூடிய கணக்கில் போடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். குழந்தைகளின் தைராய்டு அறுவையில் நல்ல அனுபவமுள்ள மருத்துவர் தூரத்தில் இருந்தாலும், செலவு கூடினாலும், அவரிடமே போங்கள். தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சேதமானால் கால்சியமும் வைட்டமின் டியும் ஆயுள் முழுவதும் சாப்பிட நேரிடலாம். குரல் நரம்பில் காயம் பட்டால் அது வேறு துன்பம். அறுவைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது பிறகு பல மடங்காகத் திரும்பி வரும்.

அடுத்து, உங்களிடம் இருக்கும் மருத்துவக் காப்பீட்டின் விதிகளைப் படியுங்கள். பரம்பரை நோய்களுக்கு விலக்கு உண்டா, தடுப்பு நோக்கிலான அறுவைக்கு விலக்கு உண்டா என்று தேடுங்கள். இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பார்வைக்கு நலமாக இருக்கும் குழந்தைக்கு ஏன் அறுவை என்று நிறுவனம் கேட்கும். மரபணு முடிவையும் வழிகாட்டுதலையும் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்கி, முன் அனுமதியை எழுத்தில் பெற்றுவிடுங்கள். உங்கள் இருவரில் யாருடைய நிறுவனக் குழுக் காப்பீடு பிள்ளைகளை மருத்துவக் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்கிறதோ, அந்த வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். மரபணு முடிவைக் காப்பீட்டில் பயன்படுத்தும் விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டில் அதைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது.

ஆயுள் காப்பீடு குழந்தைகளுக்கு எதற்கு? அவர்கள் சம்பாதிப்பதில்லை. இந்த வீட்டில் காப்பீடு இருக்க வேண்டியது உங்கள் பெயரில். கணவருக்கு இனிப் புதிய பாலிசி கிடைப்பது கடினம். இருக்கும் பாலிசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடல்நலத் தடை இல்லையென்றால், பிள்ளைகள் படித்து முடிக்கும் காலம் வரைக்குமான டெர்ம் பாலிசியை (அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இந்த மாதமே எடுங்கள். பிள்ளைகளுக்காக ஒதுக்கவிருந்த பிரீமியத்தை அதற்குத் திருப்பலாம்.

கொழுந்தனாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்தப் பிறழ்வு அண்ணன் தம்பி இருவரின் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அவருக்கும் அதே 50 சதவீத வாய்ப்பு. பாலிசி பேச்சை ஒதுக்கிவிட்டு அவரும் ரத்தம் கொடுக்கட்டும். அவருக்கு இல்லையென்றால் அவர் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டிய தேவையே வராது.