இருட்டுக்கும் ஒரு வேலை வேண்டும்: ஃபிலிம் நுவார் போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: ஆன்லைன் புகைப்படப் போட்டி ஒன்றில் இந்த முறை தலைப்பு 'ஃபிலிம் நுவார்'. நான் இரவில் எடுத்த தெருப் படங்கள் நிறையவே இருக்கின்றன. அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, கறுப்பு-வெள்ளையாக மாற்றி அனுப்பினால் போதும் என்கிறான் நண்பன். போதுமா?

பதில்: போதாது. கறுப்பு-வெள்ளை ஆக்குவது கடைசி வேலை. அந்தப் படம் எடுக்கும்போதே நுவாராக இருந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

1940களிலும் 50களிலும் ஹாலிவுட்டில் வந்த குற்றப் படங்கள்தான் இதற்கு மூலம். அவற்றை எடுத்தவர்களில் ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்ற பலர் ஜெர்மன் சினிமாவில் வேலை பார்த்துவிட்டு, நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறியவர்கள். 1920களின் ஜெர்மன் சினிமாவில் நிழலை ஒரு பாத்திரம் மாதிரியே நடிக்கவிட்ட வழக்கம் அவர்களோடு கூடவே வந்தது. போர் முடிந்து, அதுவரை வந்த இந்தப் படங்களில் சில பாரிஸில் திரையிடப்பட்டபோது, 1946ல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் 'ஃபிலிம் நுவார்', அதாவது பிரெஞ்சில் 'கறுப்புப் படம்', என்ற பெயரால் அவற்றைக் குறிப்பிட்டார். எடுத்தவர்கள் யாரும் 'நாம் நுவார் எடுக்கிறோம்' என்று நினைத்து எடுக்கவில்லை. தப்பான ஒரு முடிவை எடுத்துவிட்டு அதிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிற மனிதனைக் காட்ட வேண்டியிருந்தது, அதற்கு ஏற்ற மாதிரி விளக்கு வைத்தார்கள், அவ்வளவுதான்.

சாதாரணமாக ஒரு முகத்துக்கு விளக்கு வைக்கும்போது ஒரு பக்கம் பிரதான விளக்கு, மறுபக்கம் நிழலைக் கொஞ்சம் தணிக்க இன்னொரு விளக்கு வைப்பார்கள். நுவாரில் அந்த இரண்டாவது விளக்கை மிகவும் குறைத்துவிடுவார்கள், பல இடங்களில் அணைத்தே விடுவார்கள். பாதி முகம் இருட்டில் போய்விடும். பார்க்கிறவருக்கு அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. எனக்கு இந்த வகையில் பிடித்ததே இதுதான்.

உங்கள் தெருப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இருட்டாக இருக்கிற பகுதியை வெட்டிவிட்டுப் பாருங்கள். வெட்டிய பிறகு படம் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் அந்த இருட்டு சும்மா கிடந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம். வெட்டியதும் படம் செத்துப்போனால் அது உங்களுக்கான படம்.

கேள்வி: நான் நுவார் படம் எதுவும் பார்த்ததில்லை. எடுப்பதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

பதில்: நாலு படம் போதும். 1944ல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'யில் ஜன்னல் மறைப்பின் (பிளைண்ட்ஸ்) பட்டைகளின் நிழல் ஆட்கள்மேல் கம்பி மாதிரி விழுவதைப் பாருங்கள். அந்த வீட்டுக்குள் வெயிலில் மிதக்கிற தூசு தெரிய வேண்டும் என்பதற்காக ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் ஊதவிட்டார், அந்த அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள். 1949ன் 'தி தேர்ட் மேன்' வியன்னாவின் ஈரத் தெருக்களில் எடுத்தது, கேமராவைச் சாய்த்து வைப்பது எப்போது பொருந்தும் என்று அதில் தெரியும். 1955ன் 'தி பிக் காம்போ'வில் கடைசிக் காட்சிக்கு ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் வைத்த ஒளியைப் பாருங்கள், மூடுபனியும் இரண்டு நிழலுருவங்களும் தவிர வேறு எதுவுமே இல்லை. தமிழில் 1954ல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத 'அந்த நாள்' இருக்கிறது. அதை ஏற்கெனவே பார்த்தவர்களும் வெளிச்சத்துக்காக இன்னொரு முறை பார்க்கலாம்.

ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிடித்த இடத்தில் நிறுத்தி, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்தால் விளக்கு எங்கே இருந்தது என்பது தானாகவே புரிந்துவிடும்.

கேள்வி: அந்த ஜன்னல் பட்டை நிழலை வீட்டிலேயே கொண்டுவர ஆசை. அப்படிப்பட்ட ஜன்னல் எங்களிடம் இல்லை, ஸ்டுடியோ விளக்கும் இல்லை. ஒரு போன், ஒரு டார்ச், வெள்ளைச் சுவர் உள்ள ஒரு அறை, இவ்வளவுதான். அட்டையில் வெட்டிப் பார்த்தேன், நிழல் மங்கலாகத்தான் விழுகிறது.

பதில்: உங்களிடம் இருப்பதே தாராளம். நிழல் மங்குவதற்குக் காரணம் அட்டை இருக்கிற இடம். அட்டையை டார்ச்சுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பீர்கள், பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். டார்ச்சை அறையில் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட்டு, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில், படத்தில் விழாத அளவுக்கு மட்டும் விலக்கிப் பிடியுங்கள். விளிம்பு கத்தி மாதிரி விழும். ஒளி வருகிற இடம் சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால்தான் நிழல் கூர்மையாக இருக்கும், அதனால் டார்ச்சின் முன்னால் பட்டர் பேப்பரோ துணியோ எதுவும் வைத்துவிடாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி என்று ஆரம்பித்துப் பாருங்கள். பட்டைகள் கண்ணுக்கு நேராக ஓடினால் கண் தெரியாது, ஒரு கண்ணாவது வெளிச்சத்துக்குள் வரும்படி அட்டையை மேலே கீழே நகர்த்துங்கள். அட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் நன்றாக வரும்.

போன் டார்ச்சை விளக்காகப் பயன்படுத்தினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல போன்களில் இரண்டு சின்ன எல்இடி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் எரிந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் இரட்டை விளிம்பு வரும். ஒன்றைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் வெள்ளைச் சுவர். அறையில் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்த பிறகும் நிழல் சாம்பலாகவே இருந்தால், அந்தச் சுவர்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. முகத்தின் இருட்டுப் பக்கத்தில், படத்துக்கு வெளியே, ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். வித்தியாசத்தை நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள், கன்னத்தின் அந்தப் பக்கம் அப்படியே காணாமல் போகும்.

அப்புறம் போன் செட்டிங். நைட் மோட், எச்டிஆர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமே இருட்டைத் தூக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை, நீங்கள் கஷ்டப்பட்டு உருவாக்கிய நிழலை அவை 'சரி' செய்துவிடும். வெளிச்சம் விழுகிற கன்னத்தின்மேல் விரலை வைத்து, ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பிடித்து, பிறகு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கீழே இழுங்கள். தோலில் வெள்ளையாக வெடித்துப்போன இடம் எதுவும் இல்லாத அளவுக்கு இழுத்தால் போதும். போனை எதன்மேலாவது சாய்த்து வைத்து டைமரில் எடுத்தால் ஆட்டம் இருக்காது.

கேள்வி: தொப்பி, நீளக் கோட்டு, சிகரெட் இதெல்லாம் இல்லாமல் நுவார் என்று ஒத்துக்கொள்வார்களா? தம்பியை கோட்டு போட்டு நிற்க வைத்தேன், அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பதில்: தம்பி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கோட்டு அவருடையது இல்லை, அது படத்திலும் தெரியும். நடுவர்கள் முன்னால் வரும் படங்களில் தொப்பியும் புகையும் எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தலைப்பைக் கேட்டதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதானே!

தொப்பிக்கு அந்தப் படங்களில் ஒரு வேலை இருந்தது. மேலிருந்து வரும் வெளிச்சத்தை மறித்து, கண்ணை நிழலில் வைத்து, வாயை மட்டும் காட்டும். அந்த வேலையைக் கதவின் மேல்சட்டம் செய்யலாம், மாடிப்படியின் அடிப்பக்கம் செய்யலாம், நெற்றியில் விழும் முடியே செய்யலாம். தம்பியை அவர் தினமும் போடுகிற சட்டையிலேயே உட்கார வையுங்கள். கையில் போனைக் கொடுத்து, அதில் அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது, அதைப் படித்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, போன் திரையின் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். திரையின் பிரகாசத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் மூக்கும் முகவாயும் வெளுத்துவிடும். இன்றைக்கு ஒரு மனிதன் மாட்டிக்கொள்கிற இடம் அந்தச் சின்னத் திரைதான். முகம் காட்டவே கூச்சப்படுகிறார் என்றால் கைகளை எடுங்கள். கிழித்த கவரைப் பிடித்திருக்கிற கை, தாழ்ப்பாளின்மேல் வைத்துவிட்டு இன்னும் திறக்காத கை. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

புகை வேண்டும் என்றே இருந்தால், ஈரப்பதமூட்டும் கருவியின் நீர்ப்புகையே போதும். வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வர வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் புகை தெரியாது. மழைக்கும் இதே கதைதான். பொம்மைத் துப்பாக்கியோடு வெளியிடத்தில் படம் எடுக்கப் போகாதீர்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

பெண்ணை வைத்து எடுக்கிறவர்களுக்கும் ஒன்று. உதட்டுச்சாயமும் ஓரப் பார்வையுமாக நிற்க வைத்துப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்த அறையில் நடந்தது முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள், நிற்கிற விதமே மாறிவிடும்.

கேள்வி: கலரில் அனுப்பலாமா?

பதில்: விதியில் தடை இல்லை என்றால் அனுப்பலாம். நியான் வெளிச்சத்தில் கலர் நுவார் பிரமாதமாக வரும். ஆனால் முதல் முறை என்றால் கறுப்பு-வெள்ளையிலேயே போங்கள்.

மாற்றும்போது வெறுமனே ஒரு ஃபில்டரைத் தட்டிவிடாமல், எடிட்டிங் செயலியில் நிறங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் ஸ்லைடர்களைத் தொடுங்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினால் தோல் வெளுக்கும், இறக்கினால் தோலின் சுருக்கமும் வேர்வையும் எழுந்து வரும். மாநிறத்தையும் கறுப்புத் தோலையும் தயவுசெய்து வெளுக்க வைக்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சம் கறுத்த தோலில் விழும்போது கன்ன எலும்பின் மேலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பு வருகிறதே, இந்த வகைப் படத்துக்கு அதைவிட அழகான விஷயம் வேறு இல்லை. அதை அழித்துவிட்டு ஏன் வேறு யாருடைய நிறத்தையோ தேட வேண்டும்?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் அருமையாக இருந்த படம், போட்டிப் பக்கத்தில் ஏற்றியதும் வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: இருட்டு அறையில், திரையின் பிரகாசத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்தால் இப்படி ஆகும். கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது, நிழலுக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. நடுவர் பட்டப்பகலில் பார்க்கலாம். பிரகாசத்தைப் பாதியாக்கி ஒரு முறையும், போனில் ஒரு முறையும் பாருங்கள். அப்புறம் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், ஏனென்றால் வரிசையாகப் பல படங்கள் வரும் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த அளவுதான். அந்த அளவிலும் ஒரு வடிவம், ஒரு தோளோ ஒரு கதவின் கீற்றோ, பளிச்சென்று தெரிய வேண்டும்.

இதற்காக நிழலை மொத்தமாகத் தூக்கிவிடாதீர்கள், கறுப்பு சாம்பலாகிப் படம் சோகையாகிவிடும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராம், இருட்டுக்குரிய இடதுபக்கம் குவிந்து கிடப்பதில் தப்பே இல்லை. வெளிச்சமாக இருக்கிற அந்தச் சின்னப் பகுதியை மட்டும் ஏற்றி, வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கறுப்பு தானாகவே கறுப்பாகத் தெரியும். சேமிக்கும்போது நிற வகை எஸ்ஆர்ஜிபி (sRGB), கோப்பு வகை ஜேபெக் (JPEG) என்று வையுங்கள். படச்சுருள் மாதிரி பொரிபொரியாக வேண்டும் என்றால் படத்தின் அளவைக் குறைத்த பிறகு அதைச் சேருங்கள், முன்பே சேர்த்தால் சுருங்கும்போது கரைந்துவிடும்.

கேள்வி: விதிமுறைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எதைக் கட்டாயம் படிக்க வேண்டும்?

பதில்: உரிமை பற்றிய பத்தியை. படத்தைப் போட்டி பற்றிய விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்றால் சரி. எந்தக் காலத்திலும், எந்த நோக்கத்துக்கும், பணம் தராமல் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள், பரிசு எவ்வளவு பெரியதாக இருந்தாலும். அடுத்து, ஏஐ மூலம் உருவாக்கியதையும் பல படங்களை ஒட்டியதையும் ஏற்கிறார்களா என்று பாருங்கள். இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்கிற போட்டிகள் உண்டு, அதனால் கேமராவிலிருந்து வந்ததை அழிக்காமல் வைத்திருங்கள். படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பியாக இருந்தாலும். கடைசித் தேதி எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம், இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியவில்லை, இரண்டையும் இந்தக் கேள்வியோடு அனுப்பியிருக்கிறேன். முதலாவதில் அக்கா பயந்த முகத்தோடு கேமராவைப் பார்க்கிறார். இரண்டாவதில் அவர் மாடிப்படியில் முதுகைக் காட்டி நிற்கிறார், மேலே சுவரில் இன்னொருவரின் நிழல் விழுகிறது. முதலாவதுக்கு 'பயம்' என்றும் இரண்டாவதுக்கு 'யாரோ வருகிறார்கள்' என்றும் தலைப்பு வைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டாவதை அனுப்புங்கள். முதலாவதில் அக்கா நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் அவர் பயப்படுகிறார் என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தில் பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. இரண்டாவதில் அந்த நிழலை அவர் பார்த்துவிட்டாரா, நிழலுக்குரிய ஆளுக்காகத்தான் காத்திருக்கிறாரா என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பை மட்டும் மாற்றுங்கள், படம் சொல்வதையே அதுவும் சொல்கிறது. 'இரவு 11.40' என்கிற மாதிரி வெறும் நேரமாக வைத்தாலே போதும். அனுப்புவதற்கு முன் இடது ஓரத்தில் தெரிகிற ஸ்விட்ச் போர்டை வெட்டிவிடுங்கள், அந்த வெள்ளைச் சதுரம்தான் முதலில் கண்ணை இழுக்கிறது.