ஹார்மோன் டெஸ்ட் வேண்டாம், சிறுநீர் டெஸ்ட் எடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். கர்ப்பத்தில் இது 29-வது வாரம். இதுவரை சரியாக இருந்த பிரஷர் இந்த முறை 144/92. ஹார்மோன் கூடிவிட்டது, டெஸ்ட் எடு என்கிறார் நாத்தனார். உப்பையும் நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, கர்ப்பத்தில் ஹார்மோன்கள் கூடத்தான் வேண்டும். புரோஜெஸ்டிரான் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் நடு மாதங்களில் பிரஷர் சற்று இறங்கும்; கடைசி மாதங்களில் பழைய அளவுக்கு வரும். உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும் ரெனின், அல்டோஸ்டிரான் பல மடங்கு ஏறும். குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினும் ஏறும். ஆனால் நல்ல கர்ப்பத்தில் குழாய்கள் அதற்கு மசிவதில்லை.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நோயில் நிலைமை வேறு. ரெனினும் அல்டோஸ்டிரானும் இயல்பான கர்ப்பத்தைவிடக் குறைந்திருக்கும். குழாய்களோ கொஞ்சம் ஆஞ்சியோடென்சினுக்கே இறுகிவிடும். சரியாக ரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி வெளிவிடும் புரதங்கள் குழாயின் உள்சுவரைக் கெடுப்பதே காரணம். ஹார்மோன் அளவை வைத்து யாரும் மருந்து தருவதில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

உப்பை மறுபடி அளவாகச் சேருங்கள். இந்த நோயில் ரத்தத்தின் அளவே குறைந்துவிடுகிறது. பத்தியம் இருந்து பிரஷர் இறங்காது.

முதலில் பிரஷரைச் சரியாகப் பாருங்கள். நம் மலையில் நடக்கும் தவறு இதுதான்: ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிப் பட்டையைக் கட்டுவது. சுருட்டிய துணி கையை இறுக்கும், அளவு பிசகும். ஸ்வெட்டரைக் கழற்றி, சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பருத்த கைக்குப் பெரிய பட்டை கேளுங்கள். சிறிய பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும்.

4 மணி நேரம் கழித்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம்தான். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் பிளேட்லெட், கல்லீரல் டெஸ்ட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பிரஷர் மருந்துகளை டாக்டர் எழுதுவார். வீட்டில் மாமியாருடைய பிரஷர் மாத்திரையைத் தொடாதீர்கள். எனலாப்ரில், டெல்மிசார்டான் வகைகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

160/110-ஐத் தொட்டாலோ, தீராத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி, மூச்சுத் திணறல், குழந்தை அசைவு குறைதல் இருந்தாலோ இரவென்றும் பாராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும். பிரஷர் ஏறிக்கொண்டே போனால் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குவது பற்றி டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.