பல வருடம் கூடவே இருந்த ஊழியரை, நிறுவனம் பிழைப்பதற்காக வெளியே அனுப்புவது நியாயமா?

வேறு வழி இல்லையென்றால் அனுப்பத்தான் வேண்டும். நானும் அனுப்பியிருக்கிறேன். அதில் என் தப்பு, அனுப்ப வேண்டி வரும் என்று தெரிந்தும் ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது.

18 பேர் வேலை பார்த்த சின்ன நிறுவனம். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து (அந்த முட்டாள்தனம் தனிக்கதை). ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அவர்கள் சொன்ன அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். கையிருப்பு ஆறு மாதச் சம்பளத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்துவது, புது ஆர்டர் ஏதாவது வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை ஊழியர்கள் மேல் வைத்த அக்கறை என்றும் நம்பினேன்.

மூன்றாவது மாதம், 11 வருடமாகக் கூட இருந்த ஒருவர் ஒரு தாளோடு வந்தார். வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சான்றிதழ். 'நிரந்தர ஊழியர்' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். என் பேனா எழுதவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டேன். இரண்டு மாதம் கழித்து அவரையும் சேர்த்து 7 பேரை அனுப்பினேன். அதற்குள் கையிருப்பு கரைந்து, கொடுக்க நினைத்த தொகையில் பாதிகூடக் கொடுக்க முடியவில்லை. முதல் மாதமே சொல்லியிருந்தால் அவர் கடன் வாங்கியிருக்க மாட்டார். மற்றவர்களும் சம்பளம் வரும்போதே வேறு வேலை தேடியிருப்பார்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே பலர் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் துணி ஆலையை இழுப்பார்கள். 1995 டிசம்பரில் அது எரிந்துபோனது. முதலாளி ஆரன் ஃபியூர்ஸ்டீனுக்கு அப்போது 70 வயது. காப்பீட்டுப் பணத்தோடு ஒதுங்கிக்கொள்ளாமல், வேலையில்லாமல் நின்றவர்களுக்குச் சில மாதம் சம்பளம் கொடுத்து, அதே இடத்தில் ஆலையைத் திரும்பக் கட்டினார். ஊரே கொண்டாடியது. 2001-இல் நிறுவனம் திவால் மனு போட்டது. 'பார், நல்லவனாக இருந்தால் இதுதான் கதி' என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரை அமுக்கியது திரும்பக் கட்ட வாங்கிய கடன். சில மாதச் சம்பளத்தின் மேல் பழியைப் போடுவது சோம்பேறிக் கணக்கு.

எனக்குப் பிடித்தது, இயந்திரங்கள் செய்யும் பேரி-வேமில்லர் என்ற அமெரிக்க நிறுவனம் 2009 பொருளாதார மந்தத்தில் செய்தது. ஆட்குறைப்புக்குப் பதிலாக எல்லோருக்கும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு. தலைவர் பாப் சாப்மனும் தன் சம்பளத்தைப் பெரிதாக வெட்டிக்கொண்டார். சமாளிக்க முடிந்த சிலர், முடியாதவர்களின் வாரங்களையும் தாங்களே எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் ஒன்று: ஆர்டர்கள் திரும்பி வரும் என்றால்தான் இது செல்லும். என் வாடிக்கையாளர் போனது போனதுதான்; விடுப்பு கொடுத்து உட்கார்ந்திருந்தால் மீதி 11 பேரும் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

யாரை அனுப்புவது என்பதில் வருடக் கணக்கை நான் பார்க்கவில்லை, எந்த வேலை மிச்சமிருக்கிறது என்றுதான் பார்த்தேன். அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அதைக் கேட்டு ஒருவர் உடனே வேலையை விட்டார். சரி, போகட்டும்.

வீட்டுக் கடன் வாங்கிய அவருக்கு நான்கு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. நான் கூப்பிட்டால் இப்போதும் போனை எடுப்பார். வீட்டைப் பற்றி மட்டும் நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.